எனக்கு மூன்றாம் குழு போதும்

ஒட்டோகார் ஷிண்ட்லாவரைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன், பெருமையே கிடையாது" என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெருமை பிடித்த ஆளை டான்யூப் நதியின் இரண்டு கரையிலும் நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமைக்குப் பணிவு என்று பெயர் வைத்து வளர்த்தான், அவ்வளவுதான்.

கதவு, ஜன்னல் விற்பது அவன் தொழில். கறிக்கடைக்காரி கெர்லி, அதாவது நான், அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். தேவாலயப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில்தான் நிற்பான். "என் குரலுக்கு இதுவே அதிகம்" என்பான். ஆனால் ஈஸ்டர் அன்று முன்வரிசைக்காரர்கள் பாடுகிறார்களா வெறும் வாயை அசைக்கிறார்களா என்றே தெரியாதபடி பின்னாலிருந்து முழங்குவான். விழாவுக்குக் கேக் செய்துகொண்டு வந்தால், "ஏதோ கிண்டினேன், வாயில வைக்க முடியுமோ என்னவோ" என்று தட்டை நீட்டுவான். நீட்டிவிட்டு நகர மாட்டான். நாம் ஒரு துண்டு தின்று, கண்ணை மூடி, ஆஹா என்று சொல்கிற வரைக்கும் அங்கேயே நிற்பான். ஒரு தடவை நான், "ஆமா, கொஞ்சம் காஞ்சுதான் போச்சு" என்றேன். அந்த வருஷம் முழுக்க அவன் என் கறிக்கடைப் பக்கமே வரவில்லை.

இந்தக் குணம் முழு உருவம் எடுத்தது பனிச்சறுக்கில்.

எங்கள் ஊர் ஆற்றங்கரைச் சமவெளி. மேடு என்று சொல்ல ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான் உண்டு. அதனால் ஊருக்கு ஒரு பனிச்சறுக்குச் சங்கம் இருக்கிறது. வருஷா வருஷம் பிப்ரவரியில் பஸ் பிடித்து மலைக்குப் போகிறது. யார் எந்தக் குழுவில் சறுக்குவது என்பதை அக்டோபரிலேயே, விடுதியின் பின்னறையில் பியர் குடித்தபடி முடிவு செய்துவிடுவோம். முதல் குழு செங்குத்தான இடங்களுக்கும், வண்டி ஓட்டிச் சமன் செய்யாத ஆழப் பனிக்கும் போகும். இரண்டாவது, நடுத்தரம். மூன்றாவது, என்னைப் போல முழு எலும்போடு கீழே வந்து சூப் குடிக்க நினைக்கிறவர்களுக்கு. ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் குழுவைத் தானே சொல்ல வேண்டும். சரியென்று பட்டால் மற்றவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். இல்லையென்றால் சும்மா இருப்பார்கள். அந்த அமைதியில் எத்தனையோ பேர் முகம் சிவந்து, "சரி, அப்ப ரெண்டாவதே போடுங்க" என்று உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தன்னைத் தானே எடை போடச் சொன்னால் மனிதர்கள் அடிக்கிற கூத்து கொஞ்சநஞ்சமல்ல. "போன வருஷம் கறுப்புப் பலகை நட்ட, இருக்கறதுலயே கஷ்டமான சரிவுல இறங்கினேன்" என்று ஒருவர் மார்தட்டுவார். எப்படி இறங்கினீர் என்று யாரும் கேட்பதில்லை. குண்டியால் இறங்கினாலும் கறுப்பு கறுப்புதானே. இன்னொருவர் புதுச் சறுக்குப் பலகை வாங்கியதையே தகுதியாகச் சொல்வார். வேகத்தை அளந்து போனில் காட்டுவார் ஒரு மகானுபாவர். நிற்கத் தெரியாதவனுக்கு வேகம் தானாக வரும் என்பது அவருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால், காலை வெயிலில், மெத்தென்ற பனியில், எல்லோரும் சூரர்கள்தான். மாலையில், கால் தளர்ந்து, பனி இறுகிக் கண்ணாடியானபின் கடைசிச் சரிவில் நீ எப்படி இறங்குகிறாயோ, அதுதான் நீ. நான் அப்படிப் பார்த்துத்தான் மூன்றாம் குழு என்று சொல்கிறேன். உடனே மேசையைத் தட்டுகிறார்கள், கொஞ்சம் அதிகமாகவே.

ஒட்டோகாரின் முறை வரும்போது அறை முழுக்கச் சிரிப்போடு காத்திருக்கும். அவன் மெதுவாக எழுந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொல்வான்:

"எனக்கு மூணாம் குழு போதும்பா."

ஒருவரும் தட்ட மாட்டார்கள். கூச்சல்தான் எழும். "அநியாயம்! இவன் ஊர்ப் போட்டியில கோப்பை வாங்கினவன்!" "முதல் குழுவுக்குப் போய்யா!" என்பார்கள். அவன் தலையை ஆட்டி ஆட்டி மறுப்பான். "இந்த மூணாம் குழுக்காரங்களை யார் பாத்துப்பா? ரோஸ்வித்தா விழுந்தா யார் தூக்குவா?" தபால் நிலையத்து ரோஸ்வித்தா உடனே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வருஷா வருஷம் இதே நாடகம். அந்தக் கூச்சலைக் கேட்கத்தான் அவன் அக்டோபர் கூட்டத்துக்கே வருகிறான் என்று நான் சொன்னால், எனக்குத்தான் வயிற்றெரிச்சல் என்பார்கள்.

கோப்பை வாங்கியது உண்மை. இளவயதில் நன்றாகவே சறுக்கினான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு குளிர்காலம் முதல் குழுவோடு போய், அங்கே நன்றாகச் சறுக்குகிறவர்களில் கடைசி ஆளாக வந்தான். அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை, அவனைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. அடுத்த வருஷமே எங்களிடம் இறங்கி வந்தான்.

எங்களிடம் அவன் மகாராஜா. நாங்கள் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பீட்சாத் துண்டு வடிவில் உழுதுகொண்டு வருவோம். அவன் எங்களைத் தாண்டிப் போய், அகலமான சுலபமான இடம் பார்த்து அழகாக ஒரு வளைவு போட்டு, பனியைச் சிதறடித்து நிற்பான். நின்று திரும்பிப் பார்ப்பான். ரோஸ்வித்தா, "அம்மாடி, எப்படிப் போறான் பாரு!" என்பாள். பிறகு அரை மணி நேரம் நின்றபடியே எங்களுக்குப் பாடம் நடத்துவான்.

"கெர்லி, முழங்காலை மடக்கு. பயப்படாத. மலையை நம்பு."

"மலையை நம்பறேன்டா. உன்னைத்தான் நம்பலை."

"இதான் உன் பிரச்சனை" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அன்பாகச் சொல்வான். அந்த அன்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்கு ஒரு மகள், ரோன்யா. அவள் சின்னவளாக இருக்கும்போதே அவன் மனைவி அவனை விட்டுவிட்டு கிராட்ஸ் நகரத்துக்குப் போய்விட்டாள். பெண் அம்மாவோடு வளர்ந்தாள். அப்பாவுக்கென்று அவளுக்கு வாய்த்தது இந்தப் பிப்ரவரி வாரம்தான். வருஷம் தவறாமல் வந்துவிடுவாள். அவள் சறுக்குவதைப் பார்க்க வேண்டும், சத்தமே வராது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே முதல் குழு. அதனால் அப்பாவும் மகளும் ஒரே மேசையில் காலை ரொட்டி தின்பார்கள், பிறகு நாள் முழுக்க வேறு வேறு மலையில் இருப்பார்கள். "ஒரு நாள் எங்கூட வாங்கப்பா" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். "இந்த ஜீவன்களை விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்பான் அவன். அவள் எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். தன் அப்பா ஒரு புண்ணியவான் என்று அந்தப் பெண் உண்மையிலேயே நம்பினாள்.

போன அக்டோபர் கூட்டத்துக்கு ரோன்யா நேரில் வந்தாள். கனடாவில் வேலை கிடைத்துவிட்டது, ஈஸ்டர் முடிந்ததும் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் முறை வந்ததும் எழுந்து நின்றாள்.

"முதல் குழு. நானும் அப்பாவும்."

மேசை இடிந்து விழாத குறை. பியர்க் குவளைகள் குதித்தன. அவள் அப்பாவின் தோளில் கை போட்டு, "போறதுக்கு முன்னாடி உங்ககூட ஒரே ஒரு நாள் காக்கைப் பள்ளத்துல இறங்கணும்ப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். காக்கைப் பள்ளம் என்பது மலைக்குப் பின்புறம், கயிற்றுத் தடுப்பைத் தாண்டி இறங்குகிற நீண்ட ஆழப் பனிச் சரிவு. நுழைந்துவிட்டால் அடுத்த பள்ளத்தாக்கில்தான் வெளியே வர முடியும். நான் ஒட்டோகாரைப் பார்த்தேன். எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவனும் தட்டினான். அவன் குவளையில் பியர் மட்டும் குடிக்காமல் அப்படியே இருந்தது.

அதன் பிறகு அவன் பலகை வாங்கினான், ஆழப் பனிக்கென்று அகலமானது. ஊர் மேம்பாலத்தில் ஏறி இறங்கி ஓடினான். ஒரு தடவையாவது தனியாக மலைக்குப் போய்த் தன் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்தானா? இல்லை. அதைப் பார்க்கிற தைரியம் மட்டும் இல்லை.

முதல் நாள் காலையில் வழக்கம்போல எல்லோரும் பயிற்றுநர் முன்னால் ஒவ்வொருவராகச் சறுக்கிக் காட்ட வேண்டும். அக்டோபரில் பியர் மேல் சொன்னதெல்லாம் அங்கே செல்லாது. கீழே வின்சென்ஸ் நின்றார். அந்தப் பள்ளத்தாக்கின் மலை வழிகாட்டி, பேச்சு குறைவு. நாம் நாலைந்து வளைவு போட்டு இறங்கியதும் ஊன்றுகோலைத் தூக்கி இடமோ வலமோ காட்டுவார், கதை முடிந்தது. ஒட்டோகார் இதற்கு முன்பெல்லாம் இங்கேயும் கூத்தடிப்பான். வேண்டுமென்றே தடுமாறி, பொத்தென்று உட்கார்ந்து, பார்க்கிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு மூன்றாம் குழுவில் வந்து சேருவான்.

இந்த முறை அவன் கூத்தடிக்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், உயிரைக் கொடுத்துத்தான் இறங்கினான். முதல் வளைவு பரவாயில்லை. இரண்டாவதில் உடம்பு பின்னால் சாய்ந்தது. மூன்றாவதில் பலகைகள் தாமாகவே பீட்சாத் துண்டாக விரிந்தன, எங்களுடையதைப் போலவே. வின்சென்ஸ் ஊன்றுகோலால் எங்கள் பக்கத்தைக் காட்டினார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரோஸ்வித்தா கைதட்டினாள். "பாரேன் கெர்லி, இந்தத் தடவையும் நடிக்கிறான்! எப்படி அச்சு அசலா நம்மள மாதிரியே போறான் பாரு!"

நான் அவன் காலைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவன் பின்னாலேயே இறங்கியவள் நான். அந்த நடுக்கத்தில் நடிப்பு இல்லை. வருஷக்கணக்காக மெதுவான சரிவில் மெதுவான ஆட்களோடு நின்று நின்று, பெரியவனாகத் தெரிவதற்காக எந்தக் குழுவைச் சொன்னானோ அந்தக் குழுவின் ஆளாகவே ஆகிவிட்டான். அவன் திரும்பி மேலே தன் பலகை போட்ட கோட்டைப் பார்த்தான். அந்த நிமிஷம் அவனுக்கும் தெரிந்துவிட்டது.

ரோன்யா வின்சென்ஸிடம் போனாள். "அவர் வேணும்னே அப்படிப் பண்றார். எப்பவும் இதே விளையாட்டுதான். அவரை எங்ககூட விடுங்க."

வின்சென்ஸ் ஒட்டோகாரைப் பார்த்துக் கேட்டார். மரங்கள் முடிகிற உயரத்துக்கு மேலே போய்விட்டால் எங்கள் நாட்டில் யாருக்கும் 'நீங்கள்' கிடையாது. "வேணும்னேதான் பண்ணினியா நீ?"

இவ்வளவுதான் என்னால் முடியும், இதுதான் என் அளவு என்று சொல்ல ஒரு வினாடி போதும். அவன் தோளைக் குலுக்கி, உதட்டில் அந்தப் பணிவான சிரிப்பைக் கொண்டுவந்தான். வாயைத் திறக்கவில்லை. சிரிப்பைப் பார்த்து எல்லோரும் அவரவருக்குப் பிடித்ததைப் புரிந்துகொண்டார்கள். வின்சென்ஸும் ஊன்றுகோலை முதல் குழுவின் பக்கம் திருப்பினார்.

அன்று மாலை பூட்ஸ் காயவைக்கிற அறையில் அவனைப் பிடித்தேன்.

"டேய், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. முடியலைன்னு ஒரு வார்த்தை. குடியா முழுகிடும்?"

"என்ன முடியலை? பலகை புதுசு. இன்னும் கைக்கு வரலை."

"பலகையை மாட்டறது கால்ல."

"உனக்கு எப்பவும் எம்மேல பொறாமை, கெர்லி. இத்தனை வருஷம் உன்னைத் தூக்கி விட்டதுக்கு இதுதான் மரியாதையா?"

"தூக்கி விடலைடா நீ. நான் விழறதுக்காகக் காத்துட்டிருந்த."

அவன் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வானம் தெளிந்த நாளில் முதல் குழு காக்கைப் பள்ளத்துக்குக் கிளம்பியது. நாங்கள் மலையுச்சிக் குடிலின் வெளித்தளத்தில் உருண்டை போட்ட சூப் குடித்துக்கொண்டிருந்தோம். அங்கிருந்து பள்ளத்தின் மேல்பகுதி நன்றாகத் தெரியும். ரோஸ்வித்தா எல்லோரையும் கைப்பிடிக் கம்பி ஓரத்துக்கு இழுத்து வந்தாள். "இன்னிக்குத்தான் நிஜ ஒட்டோகாரைப் பாக்கப் போறோம்!"

பார்த்தோம். வின்சென்ஸ் முன்னால் போய் நின்று கையைத் தூக்கினார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோருக்கும் கடைசியில் ரோன்யா அப்பாவைத் தனக்கு முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தாள். ஒட்டோகார் ஒரு வளைவு போட்டான். அடுத்ததில் முழங்கால் வரை புதைந்து விழுந்தான். எழுந்தான், விழுந்தான். ஒரு பலகை கழன்று பனிக்குள் போய்விட்டது. ரோன்யா மண்டியிட்டுக் கையால் தோண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ரோஸ்வித்தாவின் சூப் ஆறிப்போய் மேலே கொழுப்பு படிந்தது.

பலகை கிடைத்தது. வின்சென்ஸ் மேலே ஏறி வந்து ஏதோ சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை என்று ரோன்யா பிறகு சொன்னாள். "நீ இங்கேருந்து திரும்பிடு. இதுக்குக் கீழ போயிட்டா உன்னைத் தூக்கிட்டு வர ஹெலிகாப்டர் வேணும்" என்றாராம். மலையில் யாரையும் தனியாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். துணைக்கு ஒருவர் போக வேண்டும். ரோன்யா அப்பாவின் பலகைகளையும் தன்னுடையதையும் தோளில் சுமந்துகொண்டு, இடுப்பளவு பனியில் மேலே ஏறினாள். மற்றவர்கள் கீழே இறங்கிக் கண்ணுக்கு மறைந்தார்கள்.

இருவரும் தளத்துக்கு வந்தபோது அவன் முகம் சாம்பலாக இருந்தது. அதுவரைக்கும் எனக்கு அவன் மேல் இரக்கம் வந்ததில்லை. அன்று வந்தது. உட்காரு, சூப் குடி என்று சொல்ல வாயெடுத்தேன். ரோன்யா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையுறையைக் கழற்றிக் கையைத் தேய்த்துவிட்டாள்.

"அப்பா, என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

மேசை முழுக்க அவனையே பார்த்தது. வாய்ப்பை அவள் தட்டில் வைத்துக் கொடுத்தாள். வயசாயிடுச்சும்மா, முடியலைம்மா, பழக்கம் விட்டுப் போச்சு, எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எங்களில் ஒருவரும் அவனைக் கேலி செய்திருக்க மாட்டோம், நான் உட்பட. அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ரோஸ்வித்தா கண்கலங்கி நிற்பதைப் பார்த்தான். நெஞ்சில் கை தானாகப் போனது.

"எனக்கு மனசு வரலைம்மா. மேலேருந்து பாத்தேன், இவங்கல்லாம் வரிசையா நின்னு என்னையே பாத்துட்டிருந்தாங்க. இவங்களை விட்டுட்டுப் போக மனசு வரலை. அதான்... வேணும்னே விழுந்தேன்."

ரோஸ்வித்தா தேம்பிவிட்டாள். அவளைப் பிடித்து அந்த ஆறின சூப்புக்குள் முக்கலாம் போலிருந்தது எனக்கு. முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பெற்ற மகளிடம் உன்னோடு வரப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டான் மடையன். எது சின்ன அவமானம், எது பெரிய அவமானம் என்று எடை போடக்கூட அவனுக்குத் தெரியவில்லை.

ரோன்யா அவன் கையை விட்டாள்.

"வேணும்னேதானா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எல்லா வருஷமும் அப்படித்தானா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"உங்களால முடியலையோன்னு ஏறி வரும்போது ஒரு நிமிஷம் நினைச்சேன்ப்பா" என்றாள் அவள். "அப்படியே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டே வந்தேன். அப்படின்னா மீதி நாளெல்லாம் இவங்ககூட, உங்ககூட, மெதுவா சறுக்கலாம்னு இருந்தேன்."

இப்போதாவது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். மேசைக்கு அடியில் அவன் காலை என் பூட்ஸால் ஓங்கி மிதித்தேன். அவன் காலை இழுத்துக்கொண்டான். பார்வையை மட்டும் சூப் கிண்ணத்திலிருந்து எடுக்கவில்லை.

ரோன்யா எழுந்து பலகைகளை மாட்டிக்கொண்டு, சாதாரணச் சரிவு வழியாகத் தனியாக இறங்கிப் போனாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், கண்ணை மூடியபடி. ஒட்டோகார் முன் இருக்கையில் ரோஸ்வித்தாவோடு இருந்தான். ஆழப் பனியில் முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்று அவளுக்கு வழி முழுக்க விளக்கிக்கொண்டே வந்தான்.